பாட்டியின் காசுமாலையும் ரோமாபுரிக் காசுகளும்

சில திங்களுக்கு முன்னர் ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தோம். பேச்சாளர் ஒருவர், நல்ல நாவன்மை உடையவர், மேடையேறி முழங்கினார். கோவை மண்ணைக் கிளறினால் அகஸ்டஸ் சீசரின் முகம் தெரிகிறது என்றார். ஆகவே, அகஸ்டஸ் அரியணையில் வீற்றிருந்த அன்றே அந்தக் காசு இங்கே புதைக்கப்பட்டது என்றார். ஆகவே, சங்கப் பாடல்கள் அந்த நாளிலேதான் பாடப்பட்டன, ஐயமுற்றோர் காசைக் கண்டு வாய் மூடட்டும் என்றார். கையொலி அடங்க நெடுநேரம் ஆயிற்று. நாமும் தட்டினோம். தட்டியதோடு நில்லாமல், மறுவாரம் ஒன்பதாம் வகுப்பிலே அதை அப்படியே ஒப்பித்தும் வைத்தோம்.

ஒப்பித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, எங்கள் பாட்டியின் காசுமாலையிலே விக்டோரியா ராணியின் தலை இருக்கிறது. பாட்டி பிறந்ததே சுதந்திரத்துக்குப் பிறகுதான்!" என்றாள். வகுப்பு முழுதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை; சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றோம்.

விக்டோரியா இறந்தது 1901-ஆம் ஆண்டில். அவர் தலை பொறித்த தங்கக் காசு நம் நாட்டில் எத்தனை கழுத்துகளில் இன்றும் தொங்குகிறது! தங்கத்தை நாம் பவுன் என்று எண்ணுவதே அந்தக் காசைக் கொண்டுதானே? நல்ல பொன், நிறை மாறாத பொன், ஆகவே மகளுக்கும் பேத்திக்கும் கைமாறி வருகிறது. அந்தக் காசுமாலையை இன்றைக்கு ஒரு பானையிலிட்டுக் கொல்லைப்புறத்தில் புதைத்துவிட்டால், ஆயிரம் ஆண்டு கழித்துத் தோண்டுகிறவன் என்ன சொல்வான்? விக்டோரியா காலத்துப் புதையல் என்பான். மேடை கிடைத்தால் முழங்கவும் செய்வான். ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு பிழை!

புதையலின் காலத்தைக் கணிப்பதற்கு அடிப்படை விதி ஒன்றுதான். பானையில் உள்ள காசுகளில் எது காலத்தால் பிந்தியதோ, அதைத் தேடு. அந்தக் காசு அச்சாவதற்கு முன்பு அந்தப் பானை புதைக்கப்பட்டிருக்க முடியாது. இவ்வளவுதான் உறுதி. அதன்பின் எப்போது புதைத்தார்கள்? மறுநாளா, மறு ஆண்டா, மூன்று தலைமுறை கழித்தா? அதைக் கடைசிக் காசு சொல்லாது. அது முன்னெல்லையைக் காட்டும், பின்னெல்லையைக் காட்டாது. மேடையில் நின்றவர் முன்னெல்லையையே புதைத்த நாளாக ஆக்கிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த நாமும் அதைக் கவனிக்கவில்லை.

தனிக் காசு ஒன்றின் காலத்தைக் காண்பது பல வேளைகளில் எளிது. ரோமாபுரி மன்னர்கள் தாம் எத்தனையாவது முறை கான்சல் பதவி ஏற்றனர், மக்கள் தலைவர் என்னும் அதிகாரம் எத்தனையாவது ஆண்டாகத் தம்மிடம் உள்ளது என்பனவற்றை எல்லாம் காசிலேயே பொறித்து வைத்தனர். தற்பெருமைதான், ஆனால் ஆராய்ச்சியாளனுக்கு அந்தத் தற்பெருமை பெரும் உதவி. எண்ணைப் படித்தால் ஆண்டு கிடைத்துவிடும். எல்லாக் காசிலும் இந்த வசதி இல்லை என்பதுதான் இடர். தென்னாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக்காசுகள் இரண்டே வகை. ஒன்று, அகஸ்டஸ் தன் பேரர்கள் கேயஸ், லூசியஸ் ஆகியோரின் உருவங்களைப் பொறித்து வெளியிட்டது, கி.மு. 2 அளவில் தொடங்கியது. மற்றொன்று, டைபீரியஸ் வெளியிட்டது. தலைமைக் குரு என்னும் பட்டம் பொறித்தது. இந்த இரண்டாம் வகையில் ஆண்டு எண் கிடையாது. கி.பி. 14 முதல் 37 வரை அவன் ஆண்ட காலத்தில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பானையின் கடைசிக் காசு இதுவாக இருந்தால், முன்னெல்லையைக்கூட ஓராண்டில் நிறுத்த இயலாது.

கடைசிக் காசை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இங்கிலாந்து நாட்டில் கிடைத்த ஒரு புதையல் நல்ல சான்று. 1992-ஆம் ஆண்டில் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்னி என்ற சிற்றூரில், உழவர் ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனவர் கண்ணில் அது பட்டது. மொத்தம் 14,865 காசுகள், பெரும்பாலும் பொன்னும் வெள்ளியும். அவற்றுள் பிந்தியவை மூன்றாம் கான்ஸ்டன்டைன் காலத்தவை, கி.பி. 407, 408 ஆண்டுகளுக்கு உரியவை. ஆகவே புதைத்தது 408-ல் என்று முடித்துவிடலாமா? கூடாது. அந்த வெள்ளிக்காசுகளில் ஏறத்தாழ எல்லாமே விளிம்பு நறுக்கப்பட்டவை. ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திரட்டியிருக்கிறார்கள். ரோமானிய ஆட்சி பிரிட்டனில் தளர்ந்தபின் புதுக் காசு வரவு நின்றுபோயிற்று. இருந்த காசே சுற்றிச் சுற்றி வந்தது. வரும்போதெல்லாம் தேய்ந்தது, நறுக்குண்டது. எனவே, இந்தப் பானை 408-க்குப் பின் பல்லாண்டு கழித்துக்கூட மண்ணுக்குள் சென்றிருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். புதுக் காசு வராத நாட்டில் பழைய காசு பொய்ச்சான்று கூறும்!

பிரிட்டன் கடைசிக் காலத்திலேனும் ரோமாபுரியின் காசு புழங்கிய நாடு. நம் நாடோ ரோமாபுரியின் ஆட்சியில் ஒருநாளும் இருந்ததில்லை. அங்கே காசு செல்லுமா செல்லாதா என்பது மன்னன் ஆணை. இங்கே அது வெள்ளியின் நிறை, பொன்னின் மாற்று. பிளினி என்னும் ரோமானிய ஆசிரியர் சுவையான செய்தி ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். கிளாடியஸ் மன்னன் காலத்தில், செங்கடல் வரி தண்டும் குத்தகைக்காரர் ஒருவரின் ஆள் காற்றில் அகப்பட்டு ஈழத்தீவில் ஒதுங்கினான். அவனிடமிருந்த வெள்ளிக்காசுகளை ஈழத்து மன்னன் பார்த்தான். முகங்கள் வேறு வேறு; நிறையோ ஒன்று! வெவ்வேறு மன்னர் அடித்தும் நிறை மாறவில்லையே என்று வியந்தானாம். கதையில் எவ்வளவு மெய், எவ்வளவு புனைவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்நாடுகளில் ரோமானியக் காசை எந்தக் கண்கொண்டு நோக்கினர் என்பதை அது காட்டுகிறது. எவன் முகம் என்று யார் பார்த்தார்கள்? என்ன எடை என்றுதான் பார்த்தார்கள். நம் பாட்டிமாரும் விக்டோரியாவின் மூக்கழகைக் கண்டா காசுமாலை பூண்டனர்?

கி.பி. 64-ல் நீரோ மன்னன் காசின் நிறையைக் குறைத்தான். ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடித்தான், மாற்றையும் தாழ்த்தினான், பொற்காசின் எடையும் சுருங்கிற்று. அதன்பின் அடித்த வெள்ளிக்காசு நம் நாட்டில் மிக அரிது. ஏன்? 64-க்குப் பிறகு வாணிகம் நின்றது என்று ஒருவர் கூறலாம். வணிகர் புதிய மட்டக்காசை ஒதுக்கிவிட்டு, அகஸ்டஸும் டைபீரியஸும் அடித்த பழைய நல்ல காசையே பொறுக்கியெடுத்துக் கொணர்ந்தனர் என்று மற்றொருவர் கூறலாம். டேவிட் மக்டவல் போன்ற காசியல் அறிஞர் இரண்டாவது வழியைக் காட்டினர். ரோமாபுரியில் தேய்ந்த பழங்காசுகளை டிராஜன் மன்னன் திரட்டி உருக்கியது ஏறத்தாழ 107-ஆம் ஆண்டில். அதுவரையில் பழைய வெள்ளி அங்கே கைக்கு எட்டும் பொருளாகத்தான் இருந்தது.

கேரளத்தில் திருச்சூர் பகுதியில் எய்யால் என்னும் இடத்தில் 1940-களில் கிடைத்த புதையல் இவ்வழக்கில் பெரிய சாட்சி. முற்கால ரோமானிய வெள்ளிக்காசுகளும், நம் நாட்டு முத்திரைக் காசுகளும், பன்னிரண்டு ரோமானியப் பொற்காசுகளும் ஒன்றாகக் கிடந்தன. பொன்னில் பிந்தியது டிராஜன் காலத்தது. அவன் ஆண்டது 98 முதல் 117 வரை. அந்தப் பொன்னை யாரேனும் முன்பே எடுத்துச் சென்று வெள்ளியை மட்டும் விட்டிருந்தால்? வெள்ளியைப் பார்த்துப் புதையலைப் பல பத்தாண்டுகள் முன்னே தள்ளியிருப்போம். அதைத் தவறென்று காட்ட ஒரு சான்றும் இருந்திராது. கோவைப் பக்கத்துப் புதையல்கள் பல வெறும் வெள்ளி. பொள்ளாச்சியிலும், வெள்ளலூரிலும், கரூரிலும், பூதிநத்தத்திலும் கிடைத்தவை அத்தகையன. பூதிநத்தத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட காசுகள். அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்களே அவற்றில் மிகுதி. அவற்றை வைத்துக்கொண்டு அகஸ்டஸ் காலத்திலே புதைத்தது என்று எந்தத் துணிவில் கூறுவது?

பொன் கிடைத்த இடத்திலும் எச்சரிக்கை வேண்டும். 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சியில் ஒரு பானையில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரை வரிசையாக உள்ளன. வெஸ்பேசியன் ஆண்டது 69 முதல் 79 வரை. ஆகவே முன்னெல்லை 69. ஆனால் இக்காசுகளில் மிகப் பல, மன்னன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டுண்டவை. ஏன் வெட்டினர்? புழக்கத்திலிருந்து நீக்குவதற்கு என்பர் சிலர். உள்ளே பொன்தானா என்று சோதிப்பதற்கு என்பர் வேறு சிலர். எதற்காக வெட்டியிருந்தாலும், இங்கே வந்தபின் யாரோ கையிலெடுத்து ஒரு வேலை செய்திருக்கிறார்கள் என்பது தெளிவு. அதற்கு எத்தனை காலம் பிடித்தது என்று காசு கூறவில்லை.

இப்போது நாம் திறனாய எடுத்துக்கொண்ட நூலுக்கு வருவோம். மேடைப் பேச்சாளரைக் குறைகூறி என்ன பயன்? அவர் கருத்துக்கு வேர் எங்கே என்று தேடினோம். தேடியபோது, 1904-ல் இராயல் ஆசியக் கழகத்தின் இதழில் ராபர்ட் சுவெல் எழுதிய நெடுங்கட்டுரையில் போய் நின்றோம். இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகள் பற்றியது. விசயநகரத்து வரலாற்றை எழுதிய அதே சுவெல். சென்னை மாகாணத்தில் வெள்ளை அரசின் அலுவலராக இருந்தவர். சிதறிக் கிடந்த குறிப்புகளை எல்லாம் ஒன்று திரட்டிப் பட்டியலிட்ட உழைப்புக்கு நாம் தலைவணங்க வேண்டும். அந்தப் பட்டியல் இல்லையேல் இன்று இக்கட்டுரையும் இல்லை. ஆனால் பட்டியலின்மேல் அவர் எழுப்பிய கட்டடம் வேறு. காசுகளை மன்னர் வாரியாக எண்ணினார். அகஸ்டஸ் முதல் நீரோ வரை மிகுதி. ஆகவே வாணிகம் உச்சத்தில் இருந்தது. நீரோவுக்குப் பின் குறைவு. ஆகவே வாணிகம் சரிந்தது. கராகல்லாவுக்குப் பின் மிகச் சிறிது; ஆகவே ஏறத்தாழ நின்றது. எண்ணிக்கை ஏறினால் வாணிகம் ஏறும், இறங்கினால் இறங்கும், கடைக்காரர் பேரேடுபோல!

புதையல் பேரேடு அன்று. பேரேட்டில் எல்லா வரவும் ஏறும். புதையலிலோ, புதைத்தவன் திரும்பி வந்து எடுக்காததுதான் நமக்குக் கிடைக்கிறது. எடுத்துச் சென்றவை எத்தனை ஆயிரமோ! போர் வந்தது, கொள்ளை வந்தது, கொள்ளைநோய் வந்தது, வழியில் மாண்டான். அதனால் பானை தங்கிற்று. ஆகவே புதையல்கள் மிகுந்த காலம் செல்வம் மிகுந்த காலம் என்பதைவிட, மக்கள் வீடு திரும்பாத காலம் என்பதே பொருந்தலாம். மேலும், அச்சான காலம் ஒன்று, கடல் கடந்த காலம் ஒன்று, புதைத்த காலம் ஒன்று. மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார் சுவெல். நீரோவுக்குப் பின் வந்த கப்பலிலும் டைபீரியஸின் வெள்ளி வந்திருந்தால், அவர் கணக்கில் அது டைபீரியஸ் காலத்து வாணிகமாகவே பதிவாகிறது.

சுவெல் மறைந்த பின்னர் மண்ணே அவருக்கு மறுப்பு எழுதிற்று. 1983-ல் கேரளத்தில் பரவூர்ப் பக்கத்து வள்ளுவள்ளியில் 252 பொற்காசுகள் கிடைத்தன. நீரோ முதல் அன்டோனினஸ் பயஸ் வரையிலானவை. அன்டோனினஸ் ஆண்டது 138 முதல் 161 வரை. சரிந்துவிட்டது என்று அவர் கூறிய காலத்துப் பொன் ஒரே பானையில் இவ்வளவு! 1985-ல் மற்றொன்று வெளியாயிற்று. வியன்னா நகரில் இருக்கும் பாப்பிரசு ஏடு அது. கிரேக்க மொழியில் எழுதியது. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு உரியது. முசிறிக் கடன் ஒப்பந்தம் அதில் பேசப்படுகிறது. ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலின் சரக்குக் கணக்கும் இருக்கிறது. அந்த ஒரு கப்பலின் சரக்கு ஏறத்தாழ எழுபது இலட்சம் செஸ்டர்ஸ் மதிப்புடையது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுகிறது என்று பிளினி புலம்பியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாணிகம் படுத்துவிட்ட காலத்துக் கப்பலா இது? காசின் எண்ணிக்கை குறைந்தது, கப்பல் குறையவில்லை.

சுவெல்லிடம் இந்தச் சான்றுகள் இல்லை. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட அவர் முடிவை இன்றும் பாடக் குறிப்புகளில் எழுதிக்கொண்டிருக்கிறோமே, அதுதான் நம் வழக்கு. வெள்ளைக்காரர் எழுதினார் என்று ஒரு தலைமுறை நம்பிற்று. நம் பெருமைக்கு உதவுகிறது என்று அடுத்த தலைமுறை நம்பிற்று. ஆராய்ந்து நம்பியவர் எத்தனை பேர்?

பேச்சாளரை ஒருநாள் நேரில் கண்டு இவற்றைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "தம்பி, இருக்கட்டுமே. நம் மக்களுக்குப் பெருமிதம் வந்தால் போதாதா? எதிரி தரப்பில் இலட்சக்கணக்கான ஆண்டு சொல்கிறான். நாம் ஐம்பது நூறு கூட்டிச் சொன்னால் என்ன?" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் நம்மால் ஒப்ப இயலவில்லை. இறையனார் களவியல் உரை தலைச்சங்கத்துக்கு 4,440 ஆண்டு, இடைச்சங்கத்துக்கு 3,700, கடைச்சங்கத்துக்கு 1,850 என்று எழுதி வைத்ததை நாமே எள்ளி நகையாடவில்லையா? யுகக் கணக்குக் காட்டும் புராணிகரைப் பார்த்துச் சான்று எங்கே என்று கேட்டுவிட்டு, நம் கணக்குக்கு மட்டும் சான்று வேண்டா என்றால், அவரிடம் கேட்க நமக்கு என்ன உரிமை? இன்னொன்றும் உண்டு. பொய்த்தூணில் நிறுத்திய பெருமையை எவனாவது ஒருவன் தட்டி விடுவான். தட்டும்போது தூண் மட்டுமா சாயும்? அதன்மேல் இருக்கும் மெய்யும் சாயும். யவனர் வந்தது மெய். கடல் வாணிகம் நடந்தது மெய். அகநானூற்று 149-ஆம் பாட்டு யவனர் கலத்தையும் முசிறியையும் சேர்த்துச் சொல்வதும், அந்தப் பாப்பிரசு ஏடு அதே முசிறியைச் சொல்வதும் மெய். இவற்றுக்கு அகஸ்டஸின் முகம் முட்டுக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

காசு தன் வரலாற்றை முழுதும் சொல்ல வேண்டுமானால், அது கிடந்த நிலை தெரிய வேண்டும். 2010-ல் இங்கிலாந்தில் ஃப்ரோம் அருகே 52,503 காசுகள் கொண்ட பெரும்பானை கிடைத்தது. கண்டவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அகழ்வாளரை அழைத்தார். அவர்கள் அடுக்கு அடுக்காகப் பிரித்தெடுத்தனர். பிந்திய காசுகள், அதாவது கராசியஸ் என்பவனுடையவை, பானையின் மேலடுக்கில் இல்லை. உள்ளே ஆழத்தில் இருந்தன. சிறிது சிறிதாகச் சேமித்திருந்தால் பிந்தியவை மேலேதானே இருக்கும்? ஆகவே ஒரே வேளையில் கொட்டி நிரப்பியது என்று கண்டனர். பானையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தால் இந்தச் செய்தி அன்றே செத்திருக்கும்.

இங்கே என்ன நடக்கிறது? கலப்பையில் பானை தட்டுப்பட்டதும் முதலில் வருகிறவன் மந்திரவாதி. பூதம் காக்கிறது என்கிறான். மை போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறான். கோழி கேட்கிறான், கிடாய் கேட்கிறான். கேட்கக் கூடாததையும் கேட்ட செய்திகள் நாளேடுகளில் வந்ததுண்டு. அவனுக்குப் பின் வருவது தட்டானின் மூசை. பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கண்டவன் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் இயற்றினார்கள். அறிவிப்பவனுக்கும் நிலத்துக்காரனுக்கும் பங்கு உண்டு என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. இது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அஞ்சி உருக்கிவிடுகிறார்கள். கண்ணனூர்ப் பக்கத்துக் கோட்டயத்தில் 1847-ல் கிடைத்த பொற்காசுகள் சில நூறுக்கு மேல் என்பார்கள். பெரும்பகுதி கைமாறிக் கலைந்தது. அவற்றுள் கடைசிக் காசு எது? பார்த்தவற்றுள் கடைசி எது என்றுதான் சொல்ல முடியும். உருகிப்போனவற்றுள் அன்டோனினஸ் இருந்தானா, அதற்கும் பிந்தியவன் இருந்தானா?

மறுநாள் வகுப்பில், முன்பு எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதினோம். பொள்ளாச்சிப் புதையல், டைபீரியஸ் காலத்திலோ அதற்குப் பின்னரோ புதைத்தது என்று எழுதினோம். பெண்ணைப் பார்த்தோம். அவள் எழுதிக்கொண்டே நிமிர்ந்து, "எவ்வளவு பின்னால் ஐயா?" என்றாள். காசுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது, பானை எந்தக் காலத்து வனைவு, அதனோடு வேறென்ன கிடந்தது என்று பார்க்க வேண்டும் என்றோம். "பார்த்தாயிற்றா?" என்றாள். பானையே இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.